நாலு மணி வரை எழுதிவைத்திருந்தேன்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பேய் என்றதும் வெள்ளைச் சேலை, மல்லிகைப்பூ வாசம், நடுச்சாமம் என்று தேடுகிறவர்களும் போய்விடலாம். இது பட்டப்பகலில் நடந்தது. வாசம் எதுவும் கிடையாது, நாற்றம்தான். எழுத உட்கார்ந்த இந்த நிமிஷமும் எனக்குக் குமட்டுகிறது.

2006 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. கொடைக்கானலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். நான் அங்கே ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸ். என் பெயர் இந்து, சொந்த ஊர் பழனி. அப்போது வயது இருபத்தாறு.

ஐ.சி.யூ. என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். நாலு பெட். ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்துவிடும், மூடினால் நாற்றம் வெளியே போகாது. அன்று மூன்றாம் பெட்டில் இருந்தவர் மாயாண்டி. வில்பட்டியில் கேரட் போடுகிற சம்சாரி, ஐம்பது வயது இருக்கும். நுரையீரலில் சீழ் கட்டி, மூச்சு விட முடியாமல் வந்தார். தொண்டைக்குள் குழாய் போட்டு மூச்சு மெஷினில் வைத்திருந்தோம். நினைவு நன்றாக இருந்தது. கண்ணாலேயே எல்லாவற்றையும் கேட்பார்.

தொண்டையில் குழாய் இருக்கிறவரால் இருமித் துப்ப முடியாது. அரை மணிக்கு ஒருமுறை அந்தக் குழாய்க்குள் சின்ன ட்யூபை விட்டு, மெஷினைப் போட்டு, சளியை நாங்கள்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்குச் சக்ஷன் என்று பெயர். உறிஞ்சியது ஒரு கண்ணாடி ஜாரில் போய் விழும். எத்தனை மி.லி., என்ன நிறம் என்று பார்த்து, நேரத்தோடு சார்ட்டில் எழுத வேண்டும்.

மாயாண்டியின் சளி பச்சை நிறம். ஜாருக்குள் விழுந்ததும் அசையாமல் அப்படியே நிற்கும். மழையில் நனைந்த முட்டைக்கோசுக் குவியல் பத்து நாள் கழித்து எப்படி நாறும், அந்த நாற்றம். மாஸ்க் இரண்டு போட்டாலும் அது நாக்கில் வந்து உட்காரும். சீ! எத்தனையோ சீழ், எத்தனையோ புண் பார்த்தவள் நான். அந்த ஜாரை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது என் லட்சணத்தைச் சொல்கிறேன். அன்று எனக்கு டபுள் டியூட்டி. காலையோடு சாயங்காலமும் சேர்த்து. பன்னிரண்டரைக்கு அவருக்குச் சக்ஷன் கொடுத்தேன். அது நிஜம். பன்னிரண்டே முக்காலுக்குச் சார்ட்டை எடுத்து, ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் ஏழு வரியையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன். செய்யாத வேலையை, செய்ததாக.

அய்யய்யோ என்று வாயில் கை வைக்காதீர்கள். எல்லோரும் செய்கிற வேலைதான். முதலில் எழுதிவிடுவோம், பிறகு செய்துகொள்வோம். ஒரே மாதிரி எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அளவை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒன்றில் ஐம்பது, ஒன்றில் நாற்பது. ஒரு வரியில் ரத்தக் கீற்று. கடைசி வரி நிஜம்போல இருக்கட்டுமே என்று சளியை விட்டுவிட்டு வேறு ஒன்று எழுதினேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

ஒரு மணிக்குச் சக்ஷன் கொடுக்கப் போனேன். ஜார் பக்கத்தில் போனதுமே அந்த நாற்றம் நாக்கில் ஏறியது. டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் இருந்தது. சாப்பிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். அவர் கையைத் தூக்கிக் கூப்பிட்டார். நான் பார்த்தேன். பார்த்தும் போனேன்.

1.25. நர்ஸ் விஜயராணி கத்தினாள். என்னைவிட இரண்டு வருஷம் இளையவள், சிலோனிலிருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பத்துப் பெண். ஓடினேன். சளி கட்டியாகிக் குழாயை அடைத்திருந்தது. மாயாண்டியின் முகம் கறுத்துவிட்டது. டாக்டர் வந்தார், குழாயை மாற்றினார், நெஞ்சை அழுத்தினோம். 1.50க்கு நிறுத்தச் சொன்னார். இ.சி.ஜி. நேர்கோடு. அந்தத் தாளை மெஷினிலிருந்து கிழித்தது என் கைதான். அதனால், அந்த மனிதர் செத்தாரா இல்லையா என்ற சந்தேகம் யாருக்கும் வேண்டாம்.

இரண்டு மணிக்கு நானும் ஆயா பிச்சையம்மாளும் உடம்பைத் துடைத்தோம். வாய்க்குள் திடீரென்று கொப்பளித்துக்கொண்டு சளி வந்தது. தட்டில் பிடித்தேன். ஒரு ஐம்பது மி.லி. இருக்கும். இறந்தவர்களுக்கு இப்படி வருவது சகஜம்தான். பஞ்சு வைத்தோம். 2.30க்கு மறுபடியும் வந்தது. பஞ்சு முழுக்க நனைந்து பச்சையாகிவிட்டது.

"என்னா சிஸ்டர் இது, சொல்லி வச்ச மாதிரி வருது?" என்றாள் பிச்சையம்மாள்.

"பேசாம வேற பஞ்சு எடுங்க" என்றேன்.

2.40க்கு உடம்பை வேனில் ஏற்றினார்கள். அவர் மனைவி அன்னக்கொடி என்னிடம் வந்து, "ரெம்பப் பாத்துக்கிட்டீங்க சிஸ்டர்" என்று கும்பிட்டாள். என்னைக் கும்பிட்டாள். அந்த இடத்திலேயே பூமி பிளந்திருக்கலாம்.

எங்கள் ஐ.சி.யூ.வில் ஒரு பழக்கம் உண்டு. சாவு விழுந்தால், டியூட்டியில் இருந்தவர்கள் பத்து நிமிஷம் துணி ரூமில் உட்காருவோம். டீ, பன். யார் என்ன செய்தோம், எங்கே பிசகியது என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'கொட்டுறது'. கொட்டாமல் வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. அழலாம், திட்டலாம், சிரிக்கவும் செய்யலாம். பேஷண்ட் பெயரை மட்டும் சொல்லக் கூடாது. பெட் நம்பர்தான். பெயரைச் சொன்னால் கூடவே வந்துவிடும் என்பார்கள். கொட்டியது எதுவும் கதவைத் தாண்டக் கூடாது.

2.50. துணி ரூமில் மூன்று பேர். நான், விஜயராணி, இன்சார்ஜ் முருகேஸ்வரி அக்கா. வெளியே பனி இறங்கி எதிர் மரம்கூடத் தெரியவில்லை. பகலிலேயே ட்யூப்லைட் போட்டிருந்தோம். மற்ற மூன்று பெட்டையும் சாயங்கால டியூட்டி சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி ரூமை ஒட்டிப் பாத்திரம், ஜார் எல்லாம் கழுவுகிற ரூம். நடுவில் ஒரு கதவு, எப்போதும் திறந்தே கிடக்கும். மூன்றாம் பெட்டின் சக்ஷன் மெஷினை அங்கேதான் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒயர் சுற்றி மேலே கிடந்தது. ஜாரைப் பிச்சையம்மாள் டெட்டால் போட்டுக் கழுவி மாட்டியிருந்தாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. நான் பார்த்தேன்.

முருகேஸ்வரி அக்கா கையில் சார்ட் இருந்தது. பழனிக்காரிதான், எனக்கு ஒருவகையில் தூரத்துச் சொந்தம். வாய் பேசுவதற்கு முன்னால் விரல் அந்த வரிகளின்மேல் போனது.

"மூணாம் பெட்டு ஒண்ணம்பதுக்கு முடிஞ்சிருச்சு. நீ நாலு மணி வரைக்கும் சளி எடுத்திருக்கடீ. செத்த ஆளுக்கா?"

நான் சார்ட்டைப் பிடுங்கப் போனேன், அக்கா தரவில்லை.

"மேட்ரன் கண்ணுல பட்டுச்சு, ஒன் சர்ட்டிபிகேட்டே போயிரும். எனக்கும் ஓலை வரும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "புதுத் தாள்ல எழுது. ஒரு மணிக்கு ஜாரைக் கழுவ ஆயா கழட்டிட்டுப் போனா, திரும்ப மாட்டல, சொல்லவும் இல்லன்னு எழுது. மூணு பேரும் கையெழுத்துப் போட்டுருவோம்."

பிச்சையம்மாள் அங்கே பதினோரு வருஷமாக வேலை செய்கிறாள். ஜனவரியில் பர்மனன்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே எல்லோருடைய பீயையும் மூத்திரத்தையும் முகம் சுளிக்காமல் அள்ளிக்கொண்டிருந்தாள். பழியை அவள்மேல்தான் தள்ளிவிடச் சொல்கிறாள் அக்கா. தள்ளினால் நான் பிழைத்தேன். தள்ளாவிட்டால் என் வேலை, நான் படித்த படிப்பு, எல்லாம் போச்சு.

தூ என்று துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. பேனாவை எடுத்தேன்.

"அக்கா, பாவம்க்கா அது..." என்றாள் விஜயராணி.

"நீ சும்மா கெட. அவளுக்கு வேற எடம் கெடைக்கும்."

அப்போதுதான் சத்தம் கேட்டது.

க்ர்ர்ர்ர்ர்ர்... க்ளக்... க்ளக்...

கழுவுகிற ரூமிலிருந்து. சக்ஷன் மெஷின் ஓடுகிற சத்தம். ஏதோ கெட்டியான ஒன்றை இழுத்து இழுத்து விழுங்குகிற சத்தம். சுவரில் கடிகாரம் சரியாக 3.00.

"யாரு அங்க மெசினைப் போட்டது?" என்று முருகேஸ்வரி அக்கா கத்தினாள். சத்தம் நின்றது. போய்ப் பார்த்தோம். ஒயர் சுற்றியபடியே இருந்தது. பிளக் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ரூமில் யாரும் இல்லை.

ஜாரில் மட்டும் சளி இருந்தது. பச்சை. அசையாமல். நாற்பதாவது கோட்டைத் தொட்டுக்கொண்டு.

முருகேஸ்வரி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. வராந்தாவில் இருந்த பிச்சையம்மாளைக் கூப்பிட்டாள். "இதுதான் நீ கழுவுற லட்சணமா?"

"சாமி சத்தியமாக் கழுவுனேன் சிஸ்டர். வெந்நி ஊத்திக் கழுவுனேன்." ஜாரைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கு... பேசாமல் அதைக் கழற்றி, சிங்க்கில் கொட்டி, எங்கள் கண்முன்னாலேயே தேய்த்துக் கழுவி மாட்டினாள்.

"பழைய அழுக்கு, பைப்புல நின்னது எறங்கியிருக்கும்" என்றாள் அக்கா. "வாங்க. வெரசா எழுதி முடி இந்து."

எழுதினேன். காலையிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பெயர்த்து எழுதி, ஒரு மணி வரிக்கு வந்தேன். 'ஆயா பிச்சையம்மாள்' என்று எழுதும்போது நாற்றம் வந்தது. முட்டைக்கோசு நாற்றம். விஜயராணி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அக்காவும் பொத்திக்கொண்டாள். டீயின்மேல் ஆடை படிந்திருந்தது. அதைப் பார்க்கவே முடியவில்லை.

3.30.

க்ர்ர்ர்ர்ர்ர்... க்ளக்... க்ளக்... க்ளக்...

இந்தத் தடவை மூன்று பேரும் ஓடினோம். எங்கள் கண் எதிரிலேயே ட்யூப் துடித்தது. ஒரு முனை ஜாரில், மறுமுனை தரையில் கிடந்தது. யார் தொண்டையிலும் இல்லை. அதற்குள் பச்சையாக ஒன்று நெளிந்து நெளிந்து ஏறி ஜாரில் விழுந்தது... பொத்.

முப்பது மி.லி. நடுவில் சிவப்பாக ஒரு நூல்.

விஜயராணி சிங்க்கிலேயே வாந்தி எடுத்தாள்.

அந்தச் சிவப்பு நூலை நான் எங்கேயோ எழுதியிருந்தேன். துணி ரூமுக்கு ஓடி வந்து பழைய சார்ட்டைப் பிரித்தேன். என் கையெழுத்து.

2.00 – 50 மி.லி., பச்சை.

2.30 – 50 மி.லி., பச்சை.

3.00 – 40 மி.லி., பச்சை.

3.30 – 30 மி.லி., ரத்தக் கீற்றுடன்.

அவர் செத்த நேரத்துக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு மணிக்குத் தட்டில் பிடித்தேன். இரண்டரைக்குப் பஞ்சு நனைந்தது. செய்யாமல் எழுதியதை வேறு யாரோ... செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு வரி பாக்கி இருந்தது.

4.00 – நினைவுடன் இருக்கிறார். கையைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிக்கிறார்.

விஜயராணி என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். படித்துவிட்டுச் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இந்தத் தாளைக் கிழிச்சுருவோம்க்கா..."

"கிழிக்கத்தானே போறோம்" என்றாள் முருகேஸ்வரி அக்கா. அவள் உதடும் காய்ந்திருந்தது. "மொதல்ல புதுசுல கையெழுத்துப் போடு. வெளிய போயிருவோம்."

3.52.

பிச்சையம்மாள் வராந்தாக் கதவருகே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

"சிஸ்டர்... என் சோலி போயிருமா?"

அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அவள் முகத்தின் மேலேயே சாத்தினாள்.

3.57.

நாற்றம் கூடிக்கொண்டே போனது. மூச்சை வாயால் இழுத்தேன். வாயெல்லாம் அதே ருசி.

3.58.

அக்கா கையெழுத்துப் போட்டாள். தாளை என் பக்கம் தள்ளினாள்.

3.59.

வலது கையில் பேனா. இடது கை நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மடியில் எடுத்து வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

'இ' என்று எழுதினேன்.

கடிகார முள் நகர்ந்தது.

இடது கையை ஏதோ பிடித்தது.

சில்லென்று இல்லை. சூடாக இருந்தது. காய்ச்சல் சூடு. தடித்த விரல்கள்... காய்த்துப்போன உள்ளங்கை... மண் வெட்டுகிறவர் கை. ஈரம். வழவழவென்று... சீ... சளி.

குனிந்து பார்த்தேன்.

என் கை மட்டும் இருந்தது.

ஆனால் சதை அமுங்கியிருந்தது. ஐந்து இடத்தில்.

"அக்கா..."

அக்கா பார்த்துவிட்டாள். நாற்காலியோடு பின்னால் போனாள்.

இறுக்கியது... இன்னும் இறுக்கியது... எலும்போடு எலும்பு உரசியது.

"விடு... விட்ருங்க... விட்ருங்க..."

விடவில்லை.

எப்படி விடும்? 'இறுக்கிப் பிடிக்கிறார்' என்றுதான் எழுதியிருந்தேன். விடுகிறார் என்று எழுதவில்லை.

4.02.

விரல் நுனியெல்லாம் நீலம்.

எனக்குத் தாங்கவில்லை. வாய் தானாகத் திறந்தது. எந்தப் பெயரைச் சொல்லக் கூடாதோ அதைச் சொன்னேன்.

"மாயாண்டி அண்ணே! நான் சக்ஷன் குடுக்கல. ஒரு மணிக்குக் குடுக்கவே இல்ல. நாத்தம் தாங்காம சாப்புடப் போயிட்டேன். நீங்க கூப்புட்டது தெரியும். பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன். பிச்சையம்மா ஒண்ணும் பண்ணல. நான்தான்... நான்தான்ணே..."

க்ளக்.

விட்டது.

நாற்றமும் போனது. ஸ்விட்சை அணைத்ததுபோல ஒரே அடியில். அறையில் டெட்டால் வாடை மட்டும் இருந்தது. கதவுக்கு வெளியே பிச்சையம்மாள் அழுதுகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. எங்கள் ஐ.சி.யூ.வில் கதவைத் தாண்டிய முதல் கொட்டல் அதுதான்.

புதுத் தாளைக் கிழித்துப் போட்டேன். பழைய சார்ட்டை எடுத்துக்கொண்டு நேராக மேட்ரன் ரூமுக்குப் போனேன். முருகேஸ்வரி அக்கா பின்னாலேயே வந்து, "கூறுகெட்டவளே, கூறுகெட்டவளே" என்று கையைப் பிடித்து இழுத்தாள். பிடித்த கையில் வழவழவென்று ஏதோ ஒட்டியதும் அலறிக்கொண்டு உதறினாள். நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேட்ரனிடம் மனசாட்சி கிடைக்கும் என்று நினைத்தால் நீங்கள் ஆஸ்பத்திரியைப் பார்த்ததில்லை. சார்ட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மறுநாள் என்னை ராஜினாமா எழுதித் தரச் சொன்னார். கேஸும் இல்லை, விசாரணையும் இல்லை, ஆஸ்பத்திரி பெயர் கெடக்கூடாது, அவ்வளவுதான். பிச்சையம்மாள் ஜனவரியில் பர்மனன்ட் ஆனாள். அது ஒன்றுதான் இந்தக் கதையில் நல்ல விஷயம்.

கையில் அந்தத் தடம் ஒன்பது நாள் இருந்தது. டெட்டாலில் எத்தனை முறை கழுவினேன் என்று கணக்கில்லை. இன்றைக்கும் கட்டித் தயிர், முட்டை வெள்ளை, வெண்டைக்காய் எதுவும் எனக்கு இறங்காது. பேயை நினைத்து என்று நீங்கள் எண்ணலாம். என்னை நினைத்துத்தான்.

இதோடு முடிந்திருந்தால் ஏதோ மனப் பிரமை, பயம், டபுள் டியூட்டி அசதி என்று நானே ஆறியிருப்பேன். முடியவில்லை.

2008 மார்ச். அப்போது நான் ஒட்டன்சத்திரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டுக்குக் கேரட் மூட்டையோடு வந்த ஒரு பெண், கால் ஆணிக்குக் கட்டுப் போட வந்தாள். அன்னக்கொடி. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உடம்பு கூசியது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அன்னைக்கி வில்பட்டி ரோட்டுல மரம் விழுந்து கெடந்துச்சு சிஸ்டர். ஒரே மூடுபனி. வேன் நகரல. அஞ்சு மணிக்குள்ள எடுக்கணும்னு டிரைவரு நேரம் பாத்துப் பாத்துச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் அவரு தலைய மடியில வச்சிருந்தேன். மூணு மணிக்குத் தொண்டையில கரகரன்னு ஒரு சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்ருச்சு. தொடைக்கலாம்னு சேலையைக் கொண்டு போறேன், அதுக்குள்ள யாரோ உறிஞ்சி எடுத்த மாதிரி சுத்தமா நின்னுபோச்சு. மூணரைக்கு மறுபடியும் அதே மாதிரி. எல்லாரும் காத்துன்னு சொன்னாங்க."

கட்டுத்துணி என் கையிலிருந்து விழுந்தது.

"அதைக்கூட விடுங்க. ஒடம்பு சூடு எறங்கவே இல்ல சிஸ்டர். நல்ல காய்ச்சக்காரன் மாதிரி கொதிச்சுச்சு. நாலு மணி ஆகி ரெண்டு நிமிசம்னு டிரைவரு சொன்னாரு பாருங்க... அப்பத்தான் பொசுக்குன்னு ஐஸாட்டம் ஆகிப்போனாரு. நீங்க கூடவே இருந்து பாத்தவங்க, ஒங்களுக்குத் தெரியும். அவரு உசிரு உண்மையிலேயே எப்ப சிஸ்டர் போச்சு?"